வாசகர் கேள்வி – பதில்: ‘கமென்ஸ்’ எங்கே, ‘பிகின்’ எங்கே, ‘ஸ்டார்ட்’ எங்கே?

இம்மாதக் கேள்விகளில் பெரும்பாலானவை ‘தொடங்கு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைப் பற்றியவை. பள்ளிக் கட்டுரையிலிருந்து உணவக மெனு வரை வந்திருப்பதால் அவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். மற்றவை அடுத்த மாதம்.

கேள்வி: என் மகன் ஆங்கிலக் கட்டுரையில் ‘த ரெய்ன் கமென்ஸ்ட் அண்ட் வீ கமென்ஸ்ட் டு ரன்’ என்று எழுதியிருந்தான். ஆசிரியர் இரண்டு ‘கமென்ஸ்ட்’டையும் சிவப்பு மையால் அடித்து, முதலாவதை ‘பிகேன்’ என்றும் இரண்டாவதை ‘ஸ்டார்ட்டட்’ என்றும் மாற்றியிருக்கிறார். அகராதியில் மூன்றுக்கும் ‘தொடங்கு’ என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் எது பிழை?
— ஒரு தாய், காத்ர் போர்ன்

பதில்: பொருளில் பிழையே இல்லை அம்மா. சொல் நின்ற இடம்தான் பொருந்தவில்லை. நம் மொரீஷியஸ் தீவில் வளரும் பிள்ளைகள் இந்த இடத்தில் சறுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. மழை தூறினால் வீட்டில் என்ன சொல்கிறோம்? ‘லாப்லி குமான்ஸ் தோம்பே’. பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் பேச்சுமொழியான கிரியோலில் ‘குமான்சே’ (தொடங்கு) சாதாரணச் சொல். அடுப்படியிலும் பேருந்திலும் மைதானத்திலும் அதுதான். பிரெஞ்சில் ‘கொமான்சே’யும் அப்படியே, எந்த மிடுக்கும் இல்லாத, அன்றாடம் புழங்கும் சொல். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்த பிள்ளைக்குக் காதில் முதலில் ஒலிப்பது அதன் உடன்பிறப்பான ‘கமென்ஸ்’. சென்னையிலோ மதுரையிலோ படிக்கும் பிள்ளை இந்தச் சொல்லைப் பெரிய சொல்லாகக் கற்று, பெருமைக்காக எழுதும். நம் பிள்ளை அதை எளிய சொல் என்று நினைத்து எழுதுகிறது. கட்டுரையில் தெரியும் பிழை ஒன்றுதான், அது வந்த வழி வேறு.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் மிடுக்கானது எப்படி? 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சே நெடுங்காலம் ஆண்டது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று 1362-இல் ஒரு சட்டம் வந்தது; வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. இப்படி உள்ளே வந்த பிரெஞ்சுச் சொற்கள் பல, ஆங்கிலத்தில் ஆவணச் சொற்களாகவும் சடங்குச் சொற்களாகவும் தங்கிவிட்டன. வீட்டுப் புழக்கத்துக்குப் பழைய ஆங்கிலச் சொல்லான ‘பிகின்’ போதுமானதாக இருந்தது. ஆகவே பிரெஞ்சில் தெருவில் நடக்கும் சொல், ஆங்கிலத்தில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நிற்கிறது. மழைக்குக் கோட்டும் டையும் எதற்கு என்பதுதான் ஆசிரியரின் சிவப்பு மை.

தமிழ் இங்கே கைகொடுக்காது. ‘தொடங்கு’, ‘ஆரம்பி’ இரண்டும் இன்று ஏறத்தாழ ஒரே தரம். ‘மழை ஆரம்பித்துவிட்டது’ என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

இரண்டாவது திருத்தத்தில் இலக்கணமும் உண்டு. ‘கமென்ஸ்’ஸுக்குப் பின் ‘டு’ போட்டு வினையைச் சேர்ப்பது பழைய நூல்களில் காணப்படும் வழக்கு. இன்றைய எழுத்தில் அது காதுக்கு இடறும். பிரெஞ்சின் ‘கொமான்சே ஆ’வை நேராக இறக்கினால் இந்த ‘டு’ வந்து ஒட்டிக்கொள்ளும். ‘கமென்ஸ்’ எழுதியே ஆகவேண்டும் என்றால் பின்னால் பெயர்ச்சொல் வரட்டும் (‘கமென்ஸ் வொர்க்’), அல்லது ‘-இங்’ வரட்டும் (‘கமென்ஸ் ரைட்டிங்’). ‘பிகின்’, ‘ஸ்டார்ட்’ இரண்டுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ‘பிகேன் டு ரன்’, ‘பிகேன் ரன்னிங்’ இரண்டும் சரி.

மகனுக்கு ஒரு வரியில் சொல்வதானால்: விமான நிலைய ஒலிபெருக்கியிலும் நீதிமன்றத்திலும் ஒப்பந்தத்திலும் விழா நிகழ்ச்சி நிரலிலும் ‘கமென்ஸ்’ இருக்கட்டும், கதையிலும் கட்டுரையிலும் கடிதத்திலும் வேண்டாம்.

கேள்வி: சரி, ‘பிகின்’, ‘ஸ்டார்ட்’ இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.
— மாணவர், வாக்வா

பதில்: பாதிக்கு மேற்பட்ட இடங்களில் வேறுபாடே இல்லை தம்பி. பாடம் ‘பிகின்ஸ்’ ஆகலாம், ‘ஸ்டார்ட்ஸ்’ ஆகலாம். ‘பிகின்’ சற்று அமைதியான சொல், ‘ஸ்டார்ட்’ சற்றுப் பேச்சுவாடை உள்ள சொல், அவ்வளவுதான். ஆனால் ‘பிகின்’ நுழையவே முடியாத இடங்கள் சில உண்டு.

முதலாவது இயந்திரம். கார், மோட்டார், கணினி, புல் வெட்டும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் ‘ஸ்டார்ட்’ மட்டுமே. ‘ஐ பிகேன் த கார்’ என்றால் காரைச் செய்யத் தொடங்கினாய் என்றுதான் ஆங்கிலேயன் நினைப்பான், அதுவும் யோசித்துப் பார்த்தால். இதற்கு நம்மிடம் கைவசம் ஒரு சோதனை இருக்கிறது. காரைக் கிளப்புவதைக் கிரியோலில் ‘தெமார் லோத்தோ’ என்கிறோமே தவிர ‘குமான்ஸ் லோத்தோ’ என்பதில்லை. ‘தெமார்’ வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் கண்ணை மூடிக்கொண்டு ‘ஸ்டார்ட்’ போடலாம். இந்தியத் தமிழ் மாணவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

இரண்டாவது புறப்பாடு. ‘ஆறு மணிக்குக் கிளம்பினோம்’ என்பதற்கு ‘வீ ஸ்டார்ட்டட் அட் சிக்ஸ்’ அல்லது ‘வீ செட் ஆஃப் அட் சிக்ஸ்’. தமிழில் ‘கிளம்பு’, ‘புறப்படு’ வந்தால் ‘பிகின்’னை மறந்துவிடு. மூன்றாவது, ஒன்றை உண்டாக்குதல்: கடை வைப்பது, தீ மூட்டுவது, சண்டையைக் கிளப்புவது, வதந்தி பரப்புவது எல்லாம் ‘ஸ்டார்ட்’.

இவற்றுக்கெல்லாம் வேர் ஒன்றே. ‘ஸ்டார்ட்’டின் பழைய பொருள் ‘துள்ளுதல்’, ‘திடுக்கென்று அசைதல்’. தொடங்குதல் என்ற பொருள் பிற்பாடு வந்தது. திடுக்கிட வைப்பதைக் குறிக்கும் ‘ஸ்டார்ட்டில்’ என்ற சொல்லில் அந்தப் பழைய துள்ளல் இன்னும் இருக்கிறது. ‘ஹி வோக் வித் எ ஸ்டார்ட்’ என்ற வாக்கியத்தை ‘அவன் தொடக்கத்தோடு விழித்தான்’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. ‘திடுக்கிட்டு விழித்தான்’ என்பதே பொருள்.

‘பிகின்’னுக்கென்று ஒதுக்கிய இடங்கள் குறைவு. ‘ஐ கான்ட் பிகின் டு தேங்க் யூ’ என்றால் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை என்று பொருள். அங்கே ‘ஸ்டார்ட்’ பொருந்தாது. எளிய நிலையிலிருந்து வளர்ந்ததைச் சொல்லும் ‘ஸ்மால் பிகினிங்ஸ்’ஸும் அப்படித்தான், அதுவும் பன்மையில்.

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் வேறிடத்தில். ‘பிகின் – பிகேன் – பிகன்’ என்ற மூன்று வடிவங்களில் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ பின்னால் மூன்றாவதுதான் வரும். ‘ஹேஸ் பிகேன்’ பிழை, ‘ஐ பிகன்’ என்று தனியாக எழுதுவதும் பிழை. இன்னொன்று: ஏற்கெனவே ‘-இங்’ இருந்தால் அடுத்த வினைக்கு இன்னொரு ‘-இங்’ வேண்டாம். ‘இட் இஸ் ஸ்டார்ட்டிங் டு ரெய்ன்’ என்று எழுது. ‘ஸ்டார்ட்டிங் ரெய்னிங்’ கூடாது.

கேள்வி: தைப்பூசக் காவடிக்கு ஆங்கிலத்தில் அழைப்பிதழ் தயாரித்தோம். ‘த டென் டேய்ஸ் ஃபாஸ்ட் வில் பி கமென்ஸ் ஃப்ரம் சன்டே வித் ஃப்ளாக் ஹாய்ஸ்டிங், கமென்ஸிங் ஃப்ரம் 5 ஏ.எம். ஷார்ப்’ என்று இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் திருத்தித் தர முடியுமா?
— கோயில் தொண்டர், ரோஸ் ஹில்

பதில்: அச்சுக்கு முன் கேட்டீர்களே, அதுவே நல்லது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘வில் பி கமென்ஸ்’. இது இரண்டு வாக்கியங்கள் மோதியதால் வந்த பிழை. அழைப்பிதழ்களில் ‘வில் பி ஹெல்ட்’ என்று அடிக்கடி பார்க்கிறோம். அது ‘நடத்தப்படும்’ என்ற செயப்பாட்டு வினை, அங்கே ‘பி’ வேண்டும். விரதம் தானே தொடங்குகிறது. யாரும் அதைத் தொடக்கி வைப்பதாக இங்கே பேச்சில்லை. ஆகவே ‘வில் கமென்ஸ்’. ‘வில் பி கமென்ஸ்ட்’ என்று ஒரு ‘ட்’ சேர்த்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைப்பார்கள். இலக்கணம் தேறினாலும் வாக்கியம் தேறாது. தமிழிலும் ‘விரதம் தொடங்கும்’ என்கிறோம், ‘தொடங்கப்படும்’ என்பதில்லை.

‘ஃப்ரம் சன்டே’. ‘ஞாயிறு முதல்’ என்ற தமிழும் ‘ஆ பார்த்திர் த திமான்ஷ்’ என்ற பிரெஞ்சும் சேர்ந்து இந்த ‘ஃப்ரம்’மைக் கொண்டுவருகின்றன. ஆங்கிலத்தில் தொடக்கம் ஒரு புள்ளி. கிழமைக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மணிக்கு ‘அட்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’. நம் அலுவலகங்கள் விரும்பி எழுதும் ‘ஆஸ் ஃப்ரம்’ வேறு வகை. ஒரு நிலை அந்த நாளிலிருந்து நீடிக்கும்போதுதான் அது வரும்: ‘ஆஸ் ஃப்ரம் சன்டே, த கேட் வில் ஓப்பன் அட் 4 ஏ.எம்.’ அதில் ‘பிகின்’, ‘கமென்ஸ்’ எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே வாக்கியத்தில் ‘கமென்ஸ்’ஸையும் ‘ஃப்ரம்’மையும் சேர்க்காதீர்கள்.

‘டென் டேய்ஸ் ஃபாஸ்ட்’. எண்ணும் அலகும் சேர்ந்து அடைமொழியாக முன்னால் நிற்கும்போது அலகு ஒருமை, நடுவில் சிறு கோடு: ‘டென்-டே ஃபாஸ்ட்’.

‘ஷார்ப்’ பிழையில்லை. ஆனால் பேச்சுவழக்கு. ‘கமென்ஸ்’ பக்கத்தில் அது வேட்டிக்கு மேல் விளையாட்டுச் சட்டை போட்ட மாதிரி. விட்டுவிடலாம், ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான்.

இரண்டாவது ‘கமென்ஸிங்’ தேவையே இல்லை. முடிவாக: ‘த டென்-டே ஃபாஸ்ட் வில் கமென்ஸ் ஆன் சன்டே வித் த ஹாய்ஸ்டிங் ஆஃப் த ஃப்ளாக் அட் 5 ஏ.எம்.’ அழைப்பிதழ் சடங்கு ஆவணம் என்பதால் இங்கே ‘கமென்ஸ்’ பொருந்துகிறது. ஆனால் ஓர் அட்டையில் ஒரு தடவை போதும். அதற்கடுத்த வரிகளில் அபிஷேகமும் ஊர்வலமும் ‘பிகின்’ ஆகட்டும். கொடியேற்றம் என்ற சொல்லை ஆங்கிலத்திலும் அப்படியே எழுதி, முதல் தடவை மட்டும் விளக்கம் தருவது எங்களுக்கு இன்னும் பிடித்த வழி. அது உங்கள் குழுவின் விருப்பம்.

கேள்வி: எனக்கு வந்த வேலைக் கடிதத்தில் ஜூன் 15 என்று தேதி இருக்கிறது. நான் கையெழுத்திட்டது ஜூன் 20. உள்ளே ‘கமென்ஸ்மென்ட் டேட்: 1 ஜூலை’ என்றும், தகுதிகாண் காலம் ‘சிக்ஸ் மன்த்ஸ் ஃப்ரம் த கமென்ஸ்மென்ட் டேட்’ என்றும் இருக்கிறது. முதல் நாளே விடுமுறை என்பதால் 2-ஆம் தேதிதான் போவேன். எந்தத் தேதி செல்லும்?
— பட்டதாரிப் பெண், போ பாசேன்

பதில்: இந்தச் சொல் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் இதுதான். ஒப்பந்தத்தில் ‘கமென்ஸ்மென்ட் டேட்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் அது சாதாரணப் பேச்சு அல்ல, வரையறுத்த சொல். கடிதத்தின் தேதி, நீங்கள் கையெழுத்திட்ட தேதி, நீங்கள் அலுவலகத்துக்குள் காலெடுத்து வைத்த தேதி மூன்றும் வேறு. எண்ணிக்கை ஓடுவது வரையறுத்த தேதியிலிருந்து. வேறு விதமாக எழுதாத வரை உங்களுக்கு அது ஜூலை 1. சம்பளம், ஆண்டு விடுப்பு, பணிமூப்பு எல்லாவற்றுக்கும் கடிதம் இந்தத் தேதியையே சுட்டுகிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். சில கடிதங்களில் ஓரிடத்தில் ‘கமென்ஸ்மென்ட் டேட்’ என்றும் இன்னோரிடத்தில் ‘டேட் ஆஃப் ஜாய்னிங்’ என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் உள்ள ‘ஃப்ரம்’மைக் கவனிக்க வேண்டும். காலத்தை எண்ணும்போது ஆங்கிலச் சட்ட வழக்கில் பொதுவான விதி இது: ஒரு தேதி ‘ஃப்ரம்’ என்றால் அந்தத் தேதியை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும், ‘கமென்ஸிங் ஆன்’ அல்லது ‘பிகினிங் வித்’ என்றால் அந்தத் தேதியையும் சேர்த்து எண்ண வேண்டும். ‘மார்ச் 1 ஃப்ரம் 14 நாள்’ என்றால் கடைசி நாள் மார்ச் 15. ‘மார்ச் 1 கமென்ஸிங் ஆன் 14 நாள்’ என்றால் மார்ச் 14. உங்கள் ஆறு மாதமும் இப்படித்தான்: ‘கமென்ஸிங் ஆன் 1 ஜூலை’ என்றிருந்தால் டிசம்பர் 31-உடன் முடியும், ‘ஃப்ரம் 1 ஜூலை’ என்பதைக் கண்டிப்பாக எண்ணினால் ஜனவரி 1 வரை போகும். ஒரு நாள்தானே என்று தோன்றும். மேல்முறையீடு, குத்தகைப் புதுப்பிப்பு, காப்பீட்டு அறிவிப்பு ஆகியவற்றில் அந்த ஒரு நாளில்தான் கதவு மூடும். ஒப்பந்தமே வேறு விதமாக எண்ணச் சொன்னால் அதுதான் செல்லும். சண்டையே வராமலிருக்க ஒரே வழி, முடியும் தேதியையும் எழுதிவிடச் சொல்வது: ‘டிசம்பர் 31 உட்பட’ என்று.

வீட்டுக் குத்தகையிலும் இதே பொறி உண்டு. கையெழுத்திட்ட நாள் வேறு, குத்தகையின் ‘கமென்ஸ்மென்ட்’ வேறு, முதல் வாடகை ஓடத் தொடங்கும் நாள் வேறாக இருக்கலாம். காப்பீட்டில் இன்னும் ஒரு படி. பாலிசி ‘கமென்ஸ்’ ஆகிவிட்டாலும் சில நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அது முடிந்த பிறகுதான் பணம் கோர முடியும்.

சட்டங்களின் கடைசியில் ‘கமென்ஸ்மென்ட்’ என்ற தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றிய நாளும் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளும் ஒன்றல்ல. மொரீஷியஸில் அரசிதழில் வெளியாகும் முன் எந்தச் சட்டமும் நடைமுறைக்கு வராது. பல சட்டங்கள் ‘பிரகடனத்தால் குறிக்கப்படும் நாளில்’ நடைமுறைக்கு வரும் என்று சொல்லி நிறுத்திவிடும். அந்தப் பிரகடனம் வரும்வரை சட்டம் தாளில் மட்டும்தான் இருக்கும். ஒரே சட்டத்தின் சில பிரிவுகள் முன்னும் சில பின்னும் வருவதும் உண்டு. செய்தித்தாளில் ‘சட்டம் நிறைவேறியது’ என்று படித்தவுடன் அதை நம்பிக் காரியத்தில் இறங்கிவிடாதீர்கள். இன்னொரு வேடிக்கை: உருவத்தில் பிரெஞ்சாக இருக்கும் இந்த ‘கமென்ஸ்மென்ட்’டைப் பிரெஞ்சுச் சட்டக்காரர்கள் இந்தப் பொருளில் சொல்வதில்லை. அவர்களுக்கு இது ‘ஆந்த்ரே ஆன் விகர்’ (நடைமுறைக்கு வருதல்). இரு மொழிச் சட்டமும் புழங்கும் நம் நாட்டில் மொழிபெயர்ப்பாளர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் உறவுப் பையனின் பட்டமளிப்பு விழா அழைப்பில் ‘கமென்ஸ்மென்ட்’ என்று போட்டிருக்கிறார்கள். படிப்பு முடிகிறது, இது தொடக்கம் எப்படி?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், மாயேபூர்

பதில்: இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பட்டம் என்பது கற்பிக்கும் உரிமை. பட்டம் பெறுகிறவர் அன்றிலிருந்து ஆசிரியராகத் ‘தொடங்கினார்’. கேம்பிரிட்ஜில் வேரூன்றிய இந்த வழக்கு அங்கே படித்தவர்களோடு அமெரிக்கா போயிற்று; ஹார்வர்டின் முதல் ‘கமென்ஸ்மென்ட்’ 1642-இல் நடந்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இன்றும் பட்டமளிப்புக்கு இதே பெயர்தான், பன்மையில். ‘வாழ்க்கை இனிமேல்தான் தொடங்குகிறது’ என்பது மேடைப் பேச்சாளர்கள் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்ட விளக்கம். நம் நாட்டில் ‘கிராஜுவேஷன்’ என்றே எழுதுங்கள். ‘கமென்ஸ்மென்ட்’ என்றால் கல்வியாண்டுத் தொடக்கம் என்று நினைத்துப் பிள்ளையைச் சேர்க்க வந்து நிற்பார்கள்.

கேள்வி: ‘முதலில்’ என்பதற்கு ‘ஃபர்ஸ்ட்’, ‘ஃபர்ஸ்ட்லி’, ‘அட் ஃபர்ஸ்ட்’, ‘இன் த பிகினிங்’, ‘அட் த பிகினிங்’ என்று மாணவர்கள் கலந்து எழுதுகிறார்கள். எளிதாக விளக்க வழி உண்டா?
— ஆசிரியை, ஃபிளாக்

பதில்: தமிழ் ‘முதலில்’ எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்கிறது, பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அந்த ‘முதலில்’லுக்குப் பின் என்ன வரப்போகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். ‘முதலில் கையைக் கழுவு’ என்றால் அடுத்து இன்னொரு வேலை வரும்: ‘ஃபர்ஸ்ட்’. ‘முதலில் செலவு அதிகம், இரண்டாவது நேரம் இல்லை’ என்றால் காரணங்களின் வரிசை: ‘ஃபர்ஸ்ட்லி’. ‘முதலில் அவனைப் பிடிக்கவில்லை’ என்றால் ‘பிறகு பிடித்துப்போயிற்று’ என்று ஒரு ‘ஆனால்’ காத்திருக்கிறது: ‘அட் ஃபர்ஸ்ட்’. ‘அட் ஃபர்ஸ்ட், வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்’ என்று எழுதினால், அப்புறம் கழுவவேண்டாம் என்று சொல்வது போலாகும்.

‘இன் த பிகினிங்’ ஏறத்தாழ ‘அட் ஃபர்ஸ்ட்’தான், பின்னால் ஒரு மாற்றம் வரவேண்டும். ‘அட் த பிகினிங்’ இடத்தையோ நேரத்தையோ சுட்டுவது. பின்னால் ‘ஆஃப்’ வரும்: ‘அட் த பிகினிங் ஆஃப் த லெசன்’. பிரெஞ்சில் இரண்டுக்கும் ‘ஓ தெபு’ என்று ஒரே வடிவம் என்பதால் அந்த வழியாகவும் குழப்பம் நுழைகிறது. ‘ஸ்டார்ட்’ வந்தால் ‘அட் த ஸ்டார்ட்’ மட்டுமே. ‘இன் த ஸ்டார்ட்’ கிடையாது.

கேள்வி: ‘கிளாசஸ் வில் ரிசூம்’ என்கிறார்கள். ‘ரிசூம்’ என்றால் சுருக்குவது இல்லையா?
— மாணவி, த்ரியோலே

பதில்: பிரெஞ்சின் ‘ரெசுமே’தான் சுருக்குவது. ஆங்கில ‘ரிசூம்’ நின்றுபோனது மறுபடி தொடங்குவது. பத்தியைச் சுருக்கச் சொல்லும் கேள்விக்கு ‘ரிசூம் த பாசேஜ்’ என்று எழுதாதே, அது ‘சம்மரைஸ்’. ‘ரிசூம்’முக்குப் பின் ‘அகெய்ன்’, ‘பேக்’ வேண்டாம், ‘மறுபடி’ அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: ‘ஆன்செட்’, ‘அவுட்செட்’, ‘இன்செப்ஷன்’, ‘இனிஷியேட்’ எல்லாமே தொடக்கம் என்கிறது அகராதி. அலுவலக அறிக்கையில் எதை எங்கே போடுவது?
— எழுத்தர், போர்ட் லூயி

பதில்: ‘ஆன்செட்’ பெரும்பாலும் விரும்பாத ஒன்றின் வருகைக்கு: நோய், வலி, குளிர்காலம், புயல் காலம். இந்திய வானிலைத் துறை பருவமழைக்கும் இதைச் சொல்கிறது, அது ஒரு விலக்கு. திருமண வாழ்க்கையின் ‘ஆன்செட்’ என்று வாழ்த்து மடலில் எழுதினால் மணமக்கள் சிரிப்பார்கள், அல்லது சிரிக்கமாட்டார்கள்.

‘அவுட்செட்’ தனியாக நிற்காது. ‘அட் தி அவுட்செட்’, ‘ஃப்ரம் தி அவுட்செட்’ என்ற இரண்டே கட்டுகளில் வாழும் சொல். ‘இன்செப்ஷன்’ நிறுவனம், திட்டம், நிதியம் ஆகியவற்றின் பிறப்புக்கு. ‘சின்ஸ் இட்ஸ் இன்செப்ஷன் இன் 1995’ சரி. கூட்டத்துக்கும் வகுப்புக்கும் வேண்டாம்.

அறிக்கைகளில் அதிகம் பிழையாவது ‘இனிஷியேட்’. இதற்கு எப்போதும் செயப்படுபொருள் வேண்டும். ‘த புராஜெக்ட் இனிஷியேட்டட் இன் 2010’ பிழை; ‘வாஸ் இனிஷியேட்டட்’ என்று எழுதுங்கள், அல்லது ‘பிகேன்’ போதும். முதல் அடி எடுத்துவைத்து, மேலே நடத்துவதை மற்றவரிடம் விடுவது இதன் உட்பொருள். அதனால்தான் ஒழுங்கு நடவடிக்கைக்கும் பேச்சுவார்த்தைக்கும் இது பொருந்துகிறது. தீட்சை கொடுப்பதற்கும் இதே சொல். நம் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘இனிஷிய’லும், பிரெஞ்சின் ‘கொமான்சே’யும்கூட இதே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை.

கேள்வி: எழுத்துப் பிழை தீரவில்லை. ‘பிகினிங்’கில் எத்தனை ‘என்’? ‘கமென்ஸிங்’கில் ‘இ’ போகிறது, ‘கமென்ஸ்மென்ட்’டில் ஏன் நிற்கிறது?
— மாணவர், ரோஸ் பெல்

பதில்: ‘பிகினிங்’கில் மொத்தம் மூன்று ‘என்’, முதலிரண்டும் ஒட்டி வரும். அழுத்தம் இரண்டாவது அசையில் விழுவதால் ‘-இங்’குக்கு முன் ‘என்’ இரட்டிக்கிறது. ‘ஓப்பனிங்’கில் அழுத்தம் முதல் அசையில், அங்கே இரட்டிக்காது.

‘கமென்ஸ்’ஸில் எப்போதும் இரண்டு ‘எம்’. ‘சி’ எழுத்து ‘ஸ்’ என்று ஒலிக்க வேண்டுமானால் அதன் பின்னால் ‘இ’, ‘ஐ’ அல்லது ‘ஒய்’ வேண்டும். ‘-இங்’கில் ‘ஐ’ இருக்கிறது, ‘இ’ தேவையில்லை. ‘-மென்ட்’ ‘எம்’மில் தொடங்குகிறது, ‘இ’யை எடுத்துவிட்டால் ‘சி’ ‘க்’ ஆகிவிடும். பிரெஞ்சில் ‘நூ கொமான்சோன்’ என்று எழுதும்போது ‘சி’யின் அடியில் ஒரு வால் போடுகிறாயே, அதே நோய்க்கு அங்கே வேறு மருந்து. கிரியோலில் இந்தத் தொல்லையே இல்லை, நேராக ‘எஸ்’.

கேள்வி: உணவகத்தில் வேலை செய்கிறேன். மெனுவில் ‘ஆந்த்ரே’ என்ற தலைப்பில் காத்தோ பிமாவும் சாலடும் இருக்கின்றன. அமெரிக்க விருந்தினர் ஒருவர் ஆந்த்ரே கேட்டுவிட்டு, வந்த தட்டைப் பார்த்து, இதுதானா சாப்பாடு என்று கோபித்தார். யார் மேல் தவறு?
— பணியாளர், கிராண்ட் பே

பதில்: இருவர் மேலும் இல்லை. பிரெஞ்சில் ‘ஆந்த்ரே’ முதலில் வரும் சிறு உணவு. அமெரிக்க ஆங்கிலத்தில் அதே சொல் முக்கிய உணவைக் குறிக்கிறது. ஆங்கில மெனுவில் ‘ஸ்டார்ட்டர்ஸ்’, ‘மெயின் கோர்சஸ்’ என்று எழுதிவிடுங்கள். ‘ஆந்த்ரே’ பிரெஞ்சு மெனுவில் மட்டும் இருக்கட்டும். ‘பிகினர்ஸ்’ என்று போட்டுவிடாதீர்கள், அது கற்றுக்குட்டிகளைக் குறிக்கும் சொல். காத்தோ பிமாவுக்குக் கீழே ‘ஃப்ரைட் ஸ்ப்ளிட்-பீ ஃப்ரிட்டர்ஸ் வித் சில்லி’ என்று ஒரு வரி சேர்த்தால், பெயரில் ‘காத்தோ’ (கேக்) இருந்தாலும் இது கேக் இல்லை, பருப்பு வடை என்பதும் விளங்கிவிடும்.